குப்பை வண்டி எடுக்காததை எங்கே கொண்டு போவது?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் எங்கள் வீட்டில் ஒளிந்து கிடப்பதெல்லாம் வெளியே வரும். இந்த முறை மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு அரிசிச் சாக்கை இழுத்துப் போட்டேன். உள்ளே, முனை கறுத்த இரண்டு டியூப்லைட், வார் அறுந்த ரப்பர் செருப்பு மூன்று சோடி, உப்பிப்போன செல்போன் பேட்டரி, வேலை செய்யாத ரிமோட், அப்பாவின் இன்சுலின் ஊசிகள், பிரித்தும் பிரிக்காமலும் மாத்திரை அட்டைகள், எப்போதோ மீனோடு வந்த தெர்மோகோல் பெட்டி.

தெருவில் பேட்டரியில் ஓடும் குப்பை வண்டி வந்தது. சாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். தூய்மைக் காவலர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அக்கா, இதெல்லாம் நாங்க எடுக்க மாட்டோம் பாத்துக்கிடுங்க. கொண்டு போனா பிரிக்கிற இடத்துல எங்களத்தான் ஏசுவாங்க."

"அப்போ இதை என்ன செய்ய?"

"எல்லாரும் தென்னை மூட்டுல போட்டு எரிச்சிருவாங்க" என்றார். பிறகு கையுறையைக் கழற்றி வலது ஆள்காட்டி விரலைக் காட்டினார். நுனியில் ஒரு சின்னக் கறுத்த புள்ளி. போன வருஷம் யாரோ வீட்டுப் பையை அமுக்கியபோது உள்ளே இருந்த ஊசி குத்தியது. அதற்காக மூன்று தடவை ரத்தப் பரிசோதனைக்கு அலைந்திருக்கிறார். "ஊசிய மட்டும் தனியா வையுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார்.

சாக்கை நான் எரிக்கவில்லை. அதில் இருந்த ஒவ்வொரு பொருளையும் ஏன் வேண்டாம் என்கிறார்கள், யார் வாங்குவார்கள் என்று விசாரித்துக்கொண்டே வந்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு சாக்கு இல்லாத வீடு குறைவு.

மறுசுழற்சி என்றால் ஒரு பொருளைத் திரும்ப மூலப்பொருளாக மாற்றுவது. பழைய இரும்பு உருகி இரும்புக் கம்பியாகிறது, பழைய பேப்பர் கூழாகி அட்டைப்பெட்டியாகிறது. இது நடக்க நான்கு விஷயம் வேண்டும்: பொருள் ஒரே வகையாக இருக்க வேண்டும், ஓரளவு சுத்தமாக இருக்க வேண்டும், லாரி நிரம்பும் அளவுக்குச் சேர வேண்டும், கடைசியில் அதைக் காசு கொடுத்து வாங்க ஓர் ஆலை வேண்டும். ஆக்கர் கடை (பழைய சாமான் கடை) அண்ணன் இரும்பையும் பித்தளையையும் அட்டையையும் கேட்டு வாங்குவது இதனால்தான். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அவர் கையை விரித்துவிடுவார்.

மற்றவற்றை மறுப்பதற்குக் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். பொருள் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். அல்லது கொண்டு போகிற செலவுக்குக்கூட விலை தேறாது. அல்லது தொடுகிறவருக்கே கெடுதல் செய்யும். ஒரு பொருளை ஏன் மறுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால், அதை எங்கே கொண்டு போக வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிரிக்க முடியாதவை

அடைப்பிரதமன் பாயசம் வைத்து இறக்கியாகிவிட்டது. இப்போது அதிலிருந்து வெல்லத்தை மட்டும் தனியாக எடுத்துத் தா என்றால் முடியுமா? சிப்ஸ் பாக்கெட்டின் கதையும் அதுதான். உள்ளே வெள்ளியாகப் பளபளப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. காற்றும் ஈரமும் புகாமல் காப்பது அதுதான். அதற்கு மேலும் கீழும் வெவ்வேறு பிளாஸ்டிக் அடுக்குகள் ஒட்டப்பட்டிருக்கும். இந்த அடுக்குகளைக் குறைந்த செலவில் பிரிக்க வழி இல்லை. ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை, மசாலா பாக்கெட் எல்லாம் இந்த ரகம். இவற்றைக் காய்ந்த குப்பையோடு வண்டியில் போட்டால் எடுத்துக்கொள்வார்கள். நல்ல முறையில் போய்ச் சேர்ந்தால் சிமென்ட் ஆலையின் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரியும். சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் என்பதால் நச்சு அதிகம் மிஞ்சாது. ஆனால் இதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொருள் அத்தோடு முடிந்துபோகிறது.

ஜூஸ் வருகிற அட்டைப் பெட்டியிலும் முக்கால்வாசி காகிதம், மீதி பிளாஸ்டிக்கும் அலுமினியமும். இதைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் நாட்டில் இருக்கின்றன, ஆனால் சாதாரணக் காகித ஆலை வாங்காது. மாத்திரை அட்டையும் இப்படிப் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியதுதான்.

செருப்புக்கு வருகிறேன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டுகிற வீடுகளில் ஒட்டுப்பாலைப் பார்த்திருப்பீர்கள். சிரட்டையின் அடியிலும் வெட்டின பட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் அந்த அழுக்கு ரப்பரைக்கூட யாரும் வீசுவதில்லை. சாக்கில் சேர்த்து விற்கிறார்கள், அதற்கும் விலை உண்டு. கழுவி, அரைத்து, அழுத்தினால் அது மறுபடியும் நல்ல ரப்பர் ஆகிவிடும். அதே மரத்துப் பாலில் இருந்து வந்த செருப்பை மட்டும் ஏன் ஒருவரும் வாங்குவதில்லை?

இடையில் கந்தகம் வந்துவிட்டது. பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் போய் உறுதியாகிறது. சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டது இதைத்தான். சூடாகும்போது ரப்பரின் நீண்ட இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டு, எல்லாவற்றையும் ஒரே வலையாகப் பின்னிவிடுகிறது. பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அது உருகாது, கருகத்தான் செய்யும். பச்சை மாவை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிசையலாம். சுட்ட ஆப்பத்தைத் திரும்ப மாவாக்க முடியாது இல்லையா, அப்படி. இது போதாதென்று இப்போது வரும் செருப்புகளில் அடிப்பாகம் ஒன்று, மேல்பாகம் ஒன்று, வார் ஒன்று என்று மூன்று நான்கு பொருள்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். டயர் என்றால் உருப்படி பெரியது, ஒரே மாதிரி நிறையச் சேரும், அரைத்துத் தூளாக்க ஆலை இருக்கிறது. செருப்புக்கு அந்த வசதி இல்லை. ஆகவே செருப்புக்குச் சரியான இடம் சந்தைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர். வார் மாற்றினால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். என் மூன்று சோடியில் இரண்டை அவர் தேற்றித் தந்தார். மூன்றாவதின் அடிப்பாகத்தை வெட்டி இன்னொரு செருப்புக்கு ஒட்டுப் போட வைத்துக்கொண்டார்.

துணியிலும் இதே கலப்புப் பிரச்சினைதான். தனிப் பருத்தி வேட்டி, சேலை, பனியன் என்றால் ஒர்க்ஷாப்பில் எண்ணெய் துடைக்க வேஸ்ட் துணியாக எடுத்துக்கொள்வார்கள். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம் என்பார்கள். மெத்தையில் இலவம் பஞ்சு என்றால் பிரித்து, அடித்து, புது உறையில் திணிக்கலாம். ஃபோம் மெத்தை கிழிந்தால் அதோடு சரி. வாங்கும்போதே இதை யோசிப்பது நல்லது.

விலை தேறாதவை

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகள் அடுக்கி இருக்கும். தெர்மோகோல் பாலிஸ்டைரீன் என்ற ஒரே வகைப் பிளாஸ்டிக். கலப்பு இல்லை, உருக்கலாம், அச்சடிக்கலாம். அப்படியானால் ஆக்கர் கடைக்காரர் ஏன் வாங்குவதில்லை? அதில் ஏறத்தாழ 98 சதவீதம் காற்று. ஒரு மினி லாரி நிறைய ஏற்றினாலும் எடைமேடையில் ஒன்றும் காட்டாது. டீசல் செலவு யார் கொடுப்பார்? உள்ளூரிலேயே அமுக்கிக் கட்டியாக்கும் இயந்திரம் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

இப்படிப்பட்ட பொருளுக்கு ஒரே நல்ல வழி, உடைவதற்கு முன்னால் திருப்பிக் கொடுப்பது. மீன்காரருக்கு அந்தப் பெட்டி தேவைப்படும், முழுசாக இருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். உடைந்துவிட்டால் சின்னச் சின்ன வெள்ளை மணிகளாகி, முதல் மழைக்கே ஓடையில் இறங்கிவிடும். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை. நாகர்கோவில் ஓடையில் விழுந்தது பழையாற்றுக்குப் போய், மணக்குடியில் கடலில் சேர்ந்துவிடும். மீன் அதை முட்டை என்று நினைத்து விழுங்கும். கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டுப் பெட்டி மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தது நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது.

பால் பாக்கெட்டையும் இங்கே சொல்ல வேண்டும். அது நல்ல பாலித்தீன், மறுசுழற்சிக்கு ஏற்றது. அலசிக் காயவைத்துச் சேர்த்தால் எடைக்கு எடுக்கிற கடைகள் உண்டு. ஆனால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கி எறிகிறோமே, அந்தச் சின்ன முக்கோணம் எந்தச் சாக்கிலும் நிற்காது, எந்தச் சல்லடையிலும் தங்காது. அது மட்டும் நேராக மண்ணுக்கும் ஓடைக்கும் போகிறது. பாதி வெட்டித் தொங்க விட்டால் போதும், முழுப் பாக்கெட்டோடு சேர்ந்தே போகும். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கண்ணாடியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாட்டில் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்பில் வைக்கிற கண்ணாடிப் பாத்திரம் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சேர்மானமும் பூச்சும் வேறு வேறு. அடுப்பில் வைக்கிறது உருக அதிக வெப்பம் வேண்டும். பாட்டில் உருக்கும் உலையில் கண்ணாடிப் பாத்திரத்துண்டு ஒன்று விழுந்தால் உருகாமல் கட்டியாக நின்று, அந்தப் பாட்டிலில் விரிசல் விழ வைக்கும். பீங்கானும் அப்படித்தான். உடைந்த பீங்கான் தட்டு, கோப்பைக்கு மறுசுழற்சி கிடையாது. கெட்டி அட்டையில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள், எடுக்கிறவர் கை கிழியாமல் இருக்கும். முழுப் பாட்டில் திரும்பி வர வேண்டுமானால் அதற்கு ஒரு விலை வைக்க வேண்டும் என்பதை டாஸ்மாக்கே காட்டியிருக்கிறது: 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள், பிறகு அது வேறு மாவட்டங்களுக்கும் பரவியது.

தேங்காய் உரித்த மட்டையான கதம்பலையும் சிரட்டையையும் குப்பை என்று நினைக்காதீர்கள். சீக்கிரம் மக்காது என்பதால் உரக்கிடங்கில் தொந்தரவுதான், ஆனால் கதம்பல் கயிற்றுக்கும் சிரட்டை கரிக்கும் போகிறது. சேர்த்து வைத்தால் ஆள் வந்து எடுப்பார்கள்.

கெடுதல் செய்பவை

2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் வீட்டு அபாயக் கழிவு என்று ஒரு வகையைத் தனியாகச் சொல்லியிருந்தார்கள். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல். பல்பு, டியூப்லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, பேட்டரி, ஊசி, சிரிஞ்ச் எல்லாம் அதில் வந்தன. என் சாக்கில் பாதி இந்தப் பட்டியலிலேயே இருந்தது. இவற்றைப் பெற்றுக்கொள்ள ஊர்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்ற கணக்கில் அமைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லியிருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

டியூப்லைட்டுக்கும் சி.எஃப்.எல். பல்புக்கும் உள்ளே பாதரச ஆவி இருக்கிறது. ஒரு சி.எஃப்.எல்.லில் இருப்பது சில மில்லிகிராம்தான், ஒரு பேனாவின் முனையளவு. ஆனால் பாதரசம் அழியாது. தண்ணீரில் இறங்கி, மீனில் ஏறி, நம் தட்டுக்குத் திரும்பி வரும். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர் நம் ஊர். பல்பு உடைந்துவிட்டால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் கெட்டி அட்டையால் வழித்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள். உடையாத டியூப்லைட்டை அது வந்த அட்டை உறையிலேயே நிறுத்தி வைக்கலாம். எல்.இ.டி. பல்பில் பாதரசம் கிடையாது, அது மின்னணுக் கழிவோடு போகலாம்.

பேட்டரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழி. இன்வெர்ட்டர், கார் பேட்டரி பற்றிக் கவலையே வேண்டாம். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு நல்ல விலை. புதிது வாங்குகிற கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள். வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் திறந்தவெளியில் உடைத்து ஈயம் உருக்குகிற இடங்களில் முதலில் பாதிக்கப்படுவது அங்கே விளையாடும் குழந்தைகள்தான். செல்போன், பவர் பேங்க், கொசு அடிக்கிற பேட் ஆகியவற்றின் பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. குப்பை வண்டியில் அமுக்கும்போது நெருப்பு வருவது இப்படித்தான். அதன் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். என்னுடையது உப்பியிருந்தது, அப்படி உப்பியதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்று செல்போன் பழுதுபார்க்கும் தம்பி சொல்லி, அன்றைக்கே வாங்கிக்கொண்டார். பொம்மைகளில் வரும் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகும். அதை வெளியே எடுத்ததும் டேப் சுற்றி, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

மின்னணுப் பொருளுக்குச் சட்டமே நம் பக்கம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, தயாரித்து விற்கும் நிறுவனம்தான் தன் பொருள்கள் முறையாக மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பு. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ புது மிக்சி, ஃபிரிட்ஜ் வாங்கும்போது "பழசை எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். எடுப்பவர்களிடமே வாங்குங்கள். 2006க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கிறது. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக் கம்பிக்காக அந்தக் குழாயை உடைத்துவிட்டு மீதியை ஓடைக்கரையில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முழுப் பெட்டியாகவே கை மாற்ற வேண்டும், அதுவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்களிடம்.

ஊசி விஷயத்தில் வேறு பேச்சே கிடையாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி, மேலே 'ஊசி' என்று பெரிய எழுத்து. முக்கால் நிரம்பியதும் மூடியில் டேப் சுற்றிவிடுங்கள். மருத்துவமனைகளில் ஊசிகளை எடுத்துச் செல்லத் தனி ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படிக் கொண்டு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று வாங்கிக்கொண்டார். நாப்கின், டயபரைக் காகிதத்தில் சுற்றி, சிவப்புக் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். பிரிக்கிறவர் அதைத் திறந்து பார்க்க வேண்டி வராது.

மிச்ச மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கழிவுத்தொட்டியும் கிணறும் ஒரே விளைக்குள் (வீட்டுத் தோட்டத்துக்குள்) இருக்கிற நம் வீடுகளில் அது மண் வழியே கிணற்றை நோக்கித்தான் நகரும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், வீட்டு மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தை 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கியிருக்கிறார்கள். நாமும் அட்டையிலேயே விட்டு, ஒரு கவரில் போட்டு, அபாயக் கழிவோடு தனியாக ஒப்படைப்பதே சரி. நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்த எண்ணெய் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் சாக்கடையில் ஊற்றினால் உறைந்து அடைக்கும். வீட்டில் மிஞ்சுவது கொஞ்சம் என்றால் மரத்தூளில் ஊற விட்டு வண்டியில் கொடுக்கலாம். கடைகளில் மிஞ்சுவதை பயோடீசலுக்குத் திரட்ட 2018 முதல் உணவுப் பாதுகாப்புத் துறையின் திட்டம் இருக்கிறது.

தென்னை மூட்டில் எரித்தால்?

சாம்பல் தென்னைக்கு உரம் என்பது ஓலையையும் கதம்பலையும் மட்டும் எரித்த காலத்துப் பேச்சு. வயர், பைப், ரெக்சின் போன்ற பி.வி.சி. பொருள்கள் நம் முற்றத்து நெருப்பின் குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. புற்றுநோய் வரவழைக்கும் பொருள் அது. உடம்பில் கொழுப்பில் தங்கி, தாய்ப்பால் வரைக்கும் போகிறது. பேட்டரியும் பெயின்ட்டும் எரிந்தால் ஈயமும் காட்மியமும் சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பல் கிடக்கிற இடத்தில் கோழி கிளறுகிறது, மழை பெய்கிறது, பத்தடி தள்ளிக் கிணறு இருக்கிறது.

இப்போது மாடிப்படிக்கு அடியில் சாக்கு இல்லை, மூடியுள்ள மூன்று பெயின்ட் வாளிகள் இருக்கின்றன. ஒன்றில் பல்பும் பேட்டரியும், ஒன்றில் வயர், சார்ஜர், ரிமோட், மூன்றாவதில் மருந்து. ஈரம் படாத இடம், பிள்ளைகள் கை எட்டாத உயரம். நாலைந்து வீடுகள் சேர்ந்து இப்படி வைத்தால் ஒரு ஆட்டோ நிறையும். அப்போது நகரத்தில் இருப்பவர்கள் வார்டு சுகாதார ஆய்வாளரிடமும், ஊராட்சியில் இருப்பவர்கள் செயலரிடமும் எங்கே ஒப்படைக்கலாம் என்று கேட்கலாம். பதில் கிடைக்கவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்திருக்கிறோம். மே 1ஆம் தேதி கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானம் எழுதியாயிற்று: "மாதத்தில் ஒரு நாள், ஊராட்சி அலுவலக வாசலில், பல்பு, பேட்டரி, மருந்து, ஊசி இந்த நான்கையும் தனித்தனிப் பெட்டிகளில் பெற்றுக்கொள்ள வேண்டும். பெறுகிறவர்களுக்குக் கெட்டியான கையுறை கொடுக்க வேண்டும்." கையுறை பற்றிய வரியைச் சேர்க்கச் சொன்னது அந்தத் தூய்மைக் காவலர்.